பொம்மைக்கு மார்பில்லை

குன்றத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் உள்ள ஒரு சமுதாயக் கல்லூரிக்கு, வாரம் இரண்டு நாள் தமிழ் வகுப்பெடுக்கப் போகிறேன். அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சி பெறும் நாற்பது பேருக்கு ‘தொடர்புத் திறன்’ என்ற பெயரில் ஒரு தாள் உண்டு. விபத்தில் கிடப்பவரிடம் என்ன பேச வேண்டும், தொலைபேசியில் இடத்தை எப்படிக் கேட்டு எழுத வேண்டும், நோயாளியைப் பற்றிய குறிப்பை மருத்துவரிடம் எப்படிச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்பவை அதன் பாடங்கள். நாற்பது பேரில் இருபத்தைந்து பேர் பெண்கள். அவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ கான்ட்ராக்டில் ஓரிரு ஆண்டுகள் ‘லைன்’ வேலை பார்த்து, ஒப்பந்தம் முடிந்ததும் வெளியே வந்தவர்கள்.

ஒருநாள் என் வகுப்பு முடிந்ததும் பயிற்சிக்கூடத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். தரையில் பாய் விரித்து இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ஒரு ரப்பர் பொம்மையைக் கிடத்தியிருந்தார்கள். சி.பி.ஆர். பயிற்சி. ஒரு மாணவி முட்டிபோட்டு உட்கார்ந்து, கையை வைப்பதற்கு முன் பயிற்றுநரைப் பார்த்துக் கேட்டாள்.

“சார், இது ஆம்பளையா பொம்பளையா?”

“ரெண்டும் இல்லம்மா, பொம்மை. அமுக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “மூஞ்சி பொம்பள மாதிரி இருக்கு. ஆனா மார்பே இல்லையே சார்” என்றாள். பயிற்றுநர் நல்ல மனிதர். பத்தாண்டுகளுக்கு மேல் ஆம்புலன்ஸில் ஓடியவர். அவருக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். இந்தக் கட்டுரை அதற்கான பதிலைத் தேடிப் போனதில் கிடைத்தது.

முகத்தின் கதை

அந்த முகம் பெண் முகம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸில், சீன் ஆற்றிலிருந்து ஓர் இளம்பெண்ணின் உடல் எடுக்கப்பட்டதாகவும், பிணவறையில் யாரும் உரிமை கோராத அவள் முகத்தின் அழகைக் கண்டு அங்கிருந்த ஒருவர் சாந்து அச்சு எடுத்ததாகவும் கதை. இறந்தவளின் முகம் அவ்வளவு அமைதியாக இருக்க முடியாது, உயிரோடிருந்த ஒரு பெண்ணின் முகத்தில் எடுத்த அச்சாகத்தான் இருக்கும் என்று வாதிடுவோரும் உண்டு. எப்படியானாலும் பெயரில்லாத அந்தப் பெண்ணின் முகமூடி நகல் எடுக்கப்பட்டு ஐரோப்பிய வீடுகளின் சுவர்களில் அலங்காரப் பொருளாகத் தொங்கியது. ‘சீன் ஆற்றின் அறியப்படாதவள்’ என்பதுதான் அவளுக்குக் கிடைத்த பெயர்.

நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரில் ஆஸ்முண்ட் லார்டால் என்ற பொம்மைத் தயாரிப்பாளர் இருந்தார். நீரில் மூழ்கப்போன தன் சிறு மகனை இழுத்துக் காப்பாற்றியவர். வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கும் முறையைப் பரப்பிவந்த பீட்டர் சஃபார் போன்ற மயக்கவியல் மருத்துவர்களின் தூண்டுதலால் அவர் 1960இல் ஒரு பயிற்சிப் பொம்மையைச் செய்தார். உறவினர் வீட்டுச் சுவரில் பார்த்திருந்த அந்த முகத்தையே அதற்குக் கொடுத்தார். ஆண் முகமாக இருந்தால் பயிற்சிக்கு வரும் ஆண்கள் வாய் வைக்கத் தயங்குவார்கள் என்று அவர் எண்ணியதாகச் சொல்கிறார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும், நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே இதயத்தை இயக்கலாம் என்று எழுதினார்கள். உடனே பொம்மையின் நெஞ்சுக்குள் ஒரு சுருள்வில் வந்தது.

ஆக, வாய் வைப்பதற்குப் பெண் முகம் வேண்டியிருந்தது. அழுத்துவதற்குப் பெண் நெஞ்சு வேண்டாம் என்று ஆனது. இது யாரோ உட்கார்ந்து போட்ட சதி இல்லை. ‘மனித உடல்’ என்று யோசித்தால் ஆண் உடலே மனதில் வருகிற பழக்கம், அவ்வளவுதான். ஆனால் பழக்கத்துக்கும் விலை உண்டு. வட அமெரிக்காவில் ஏறத்தாழ இருபதாயிரம் இதயத்துடிப்பு நின்ற நிகழ்வுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பொது இடத்தில் விழுந்த ஆண்களில் 45 சதவீதம் பேருக்கு அருகிலிருந்தவர்கள் சி.பி.ஆர். செய்தார்கள், பெண்களில் 39 சதவீதம் பேருக்குத்தான். வீட்டுக்குள் அந்த வேறுபாடு இல்லை. அந்நியர் நடுவே விழும்போதுதான் பெண்ணின் நெஞ்சு தொடக்கூடாததாகிறது. 2023இல் உலகச் சந்தையில் கிடைத்த 20 வகைப் பயிற்சிப் பொம்மைகளை ஆராய்ந்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், மார்பு உள்ளது ஒன்றே ஒன்று என்று கண்டார்கள்.

எங்கள் வீட்டுக் கணக்கு

இந்த எண்களைப் படித்தபோது எனக்கு அத்தை நினைவுக்கு வந்தார். ஆடிக் கிருத்திகை அன்று, குன்றத்தூர் மலையடிவாரத்தில், கோயிலிலிருந்து இறங்கிவந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். சுற்றிலும் நூறு பேராவது இருந்திருப்பார்கள். ஒருவர் சோடா வாங்கி வந்தார். ஒருவர் கையில் சாவிக் கொத்தைத் திணித்தார். “காத்து வரட்டும், நகருங்க” என்று ஒருவர் கத்திக்கொண்டே இருந்தார். யாரும் தொடவில்லை. நான் என்ன செய்தேன் என்பதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. ஓடிப்போய் முட்டிபோட்டு நான் செய்த முதல் காரியம், விலகியிருந்த அவர் முந்தானையை இழுத்துச் சரிசெய்ததுதான். அப்போது எனக்கு முனைவர் பட்டம் கிடைத்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சங்க இலக்கியத்தில் உடல் என்ற தலைப்பில் கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தேன். ஷேர் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனை போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

யாராவது நெஞ்சை அழுத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஒரு நிமிடம் வீணானது, அந்த நிமிடத்தை மானம் எடுத்துக்கொண்டது என்பது மட்டும் தெரியும்.

கையால் கற்றவர்கள்

பொம்மையில் பழகுவது 1960இல் தொடங்கியதில்லை. சுசுருத சங்கிதையின் முதற்பகுதியில், மாணவன் நூலை எவ்வளவு கற்றாலும் கைப்பழக்கம் இல்லாவிட்டால் மருத்துவத்துக்கு உதவமாட்டான் என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. கத்தி வைக்கப் பூசணி, சுரை, வெள்ளரி. நாளம் திறக்கத் தாமரைத் தண்டு. தையல் போடத் துணியும் மெல்லிய தோலும். கட்டுப் போட மனித உருவில் செய்த பொம்மை. நம் அடுப்படியில் கிடக்கும் காய்களே முதல் பயிற்சிக்கூடம். ஆனால் அந்த மாணவன் ஆண்.

நம் பக்கம் பார்ப்போம். தொல்காப்பியம் காஞ்சித் திணையில் ‘தொடாக் காஞ்சி’ என்று ஒரு துறையை வகுக்கிறது. புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் வந்து தொடாதபடி மனைவி காப்பது அதன் பொருள். புறநானூற்றின் 281ஆம் பாடலில் அரிசில்கிழார் காட்டும் பெண்கள் வீட்டில் வேப்பிலையும் இரவ இலையும் செருகி, ஐயவி தூவி, புகையெழுப்பி, இசை எழுப்பிப் புண்பட்டவனைக் காக்கிறார்கள். இதை நான் பல ஆண்டுகள் ‘சடங்கு’ என்றே நடத்தினேன். இப்போது பயிற்சிக்கூடத்தைப் பார்த்த பிறகு அதில் வேறொன்றும் தெரிகிறது: இடத்தைச் சுத்தம் செய்வது, கூட்டத்தை விலக்குவது, காயம்பட்டவனை விழிப்போடு வைத்திருப்பது. எந்தப் பட்டமும் பெறாத பெண்கள் அதைச் செய்தார்கள். குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் எழுதிய கண்ணப்பர் கதையும் அப்படித்தான். குருதி வடியும் கண்ணைக் கண்டதும் அந்த வேடன் முதலில் செய்தது காட்டுக்குள் ஓடிப் பச்சிலை பறித்து வந்து பிழிந்தது. தன் கண்ணைத் தோண்டியது அதற்குப் பிறகுதான். தீண்டலாமா என்ற கேள்வி அவனுக்கு எழவே இல்லை.

ஊரில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சிகளின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. நாவிதர் சமூகத்துப் பெண்கள் தாயிடமிருந்தோ மாமியாரிடமிருந்தோ கையோடு கை வைத்துக் கற்ற தொழில் அது. வயிற்றைத் தடவிப் பார்த்தே பிள்ளை எப்படித் திரும்பியிருக்கிறது என்று சொன்ன விரல்கள். பிள்ளை பிறக்கும்வரை அந்தக் கை வேண்டும். பிறந்த பின் அந்தக் கைக்குக் கூலியாக முறத்தில் நெல்லும் ஒரு பழஞ்சேலையும் கொடுத்து வாசலோடு அனுப்புவார்கள். சாதி தொடாதே என்று சொன்ன கையைத்தான் வலியெடுத்த நேரத்தில் கூப்பிட்டது.

பிரான்சிலும் மருத்துவச்சிகள் எளிய குடும்பத்துப் பெண்கள்தாம். ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் நடந்தது. ஆஞ்சலிக் து கூத்ரே என்ற பேறுகாலச் செவிலி, துணியும் தோலும் பஞ்சும் வைத்து ஒரு பெண்ணின் இடுப்புப் பகுதியையும் அதற்குள் பொருந்தும் குழந்தையையும் தைத்தார். 1759இல் பதினைந்தாம் லூயி மன்னர், நாடெங்கும் போய்க் கற்பிக்கும்படி அவரைப் பணித்தார். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அந்தத் துணிப் பொம்மையில் கை நுழைத்துப் பிள்ளையைத் திருப்பப் பழகினார்கள். அவற்றில் ஒன்று இன்றும் ரூவன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மருத்துவப் பயிற்சிப் பொம்மையின் வரலாற்றில் முழுக்கப் பெண் உடலாகவே தைக்கப்பட்ட ஒன்று, ஒரு பெண் ஊசிநூல் எடுத்துத் தைத்தது.

தாளும் கையும்

சென்னையில் 1844இல் பேறுகால மருத்துவமனை தொடங்கியது. இன்றைய எழும்பூர் மருத்துவமனை அதன் தொடர்ச்சி. 1854இல் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு ஒப்புதல் தந்தது. வழக்கறிஞர் ஒருவரின் மனைவியாக 1866இல் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப், ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்துச் செத்துப்போகும் பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, முதலில் அந்தப் பேறுகால மருத்துவமனையில்தான் கை பழகினார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்தபோது அவர் அவர்களில் ஒருவர். உலகின் பல மருத்துவக் கல்லூரிகள் பெண்களுக்குக் கதவைத் திறக்காத காலம் அது. இந்த வரலாற்றை நாம் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும்.

அதன் மறுபக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1926இல் சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பதிவேட்டில் பெயர் இருப்பவர், இல்லாதவர் என்று ஒரு கோடு விழுந்தது. பயிற்சியும் தூய்மையும் வந்ததால் தாய்மார் பிழைத்தார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களின் கைப்பழக்கத்தைக் கேட்டு எழுதிவைக்க யாரும் மெனக்கெடவில்லை. அவர்களிடம் கை இருந்தது, தாள் இல்லை.

இதே கதை அமெரிக்காவில் வேறு உடையில் நடந்தது. பிட்ஸ்பர்க் நகரின் ஹில் பகுதியில் 1967இல் வேலையில்லாத கறுப்பின இளைஞர்களைத் திரட்டி ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ ஆம்புலன்ஸ் சேவை தொடங்கப்பட்டது. அதுவரை அங்கே நோயாளிகளைப் போலீஸ் வண்டியில் போட்டுக் கொண்டுபோவார்கள். பொம்மை செய்யத் தூண்டிய அதே பீட்டர் சஃபார்தான் இவர்களுக்கான பயிற்சியையும் வடிவமைத்தார். பின்னால் நான்சி கரோலின் என்ற இளம் பெண் மருத்துவர் இவர்களோடு வண்டியில் ஏறி இரவுபகலாகக் கற்பித்தார். அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதி 1979இல் வந்த நூல் துணைமருத்துவர்களின் பாடநூலானது. ஆனால் 1975இல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. உலகுக்கே வழிகாட்டியவர்களில் பலர் புதிய தேர்வுகளும் விதிகளும் காட்டி மெல்ல வெளியே தள்ளப்பட்டார்கள். எங்கள் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு பெண், “எங்க கம்பெனி மாதிரியே மேடம்” என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

இந்தச் சாலையில்

எங்கள் சாலைக்கும் ஒரு வரலாறு உண்டு. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை, 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் செல்பேசி ஆலை, பிறகு ஒரகடம், வல்லம் வடகால் என்று ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நடுவே தொழிற்பேட்டைகள் வந்தன. கார் ஆலைகளில் பெரும்பாலும் ஆண்கள். மின்னணு ஆலைகளில் பெரும்பாலும் இளம்பெண்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள். ஒரு சிற்றூரின் மக்கள்தொகையைவிட அதிகம்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது வேண்டும், அதற்கு முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும், 500 பேருக்கு மேல் இருந்தால் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்று எழுதிவைத்தது. என் மாணவிகளிடம் அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். பெட்டியை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பொறுப்பாளர் யார் என்று தெரிந்தவர் இருவர். அந்தப் பொறுப்பாளர் பெண்ணாக இருந்ததைக் கண்டவர் ஒருவரும் இல்லை.

2008 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது. 2021 டிசம்பர் 18 அன்று, சாலை விபத்தில் காயமுற்றவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்டது. நல்ல திட்டம். அதே டிசம்பர் 18 அன்று எங்கள் பக்கத்தில், ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். பூந்தமல்லி விடுதியில் கெட்டுப்போன உணவால் 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். தங்களோடு சாப்பிட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்பதைக்கூட யாரும் சரியாகச் சொல்லவில்லை என்பதுதான் அந்தப் பெண்களைச் சாலைக்கு இழுத்துவந்தது. அவசரம் என்றால் சாலை விபத்து மட்டும்தானா என்ற கேள்வியை அந்த ஒரு தேதி என் முன்னால் வைத்தது.

சமுதாயக் கல்லூரி என்ற எண்ணம் நம் நாட்டில் 1995இல் புதுச்சேரியில் தொடங்கியது. படிப்பை விட்டவர், பட்டப்படிப்புக்கு வழியில்லாதவர், பெண்கள், தலித்துகள் ஆகியோருக்குக் கைத்தொழிலும் வேலையும் தரும் கல்வி என்பது அதன் வாக்குறுதி. 2021ஆம் ஆண்டு தேசியத் துணைமருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டம் அவசர மருத்துவத் தொழில்நுட்பரையும் ஒரு தொழிலராக ஏற்றுப் பதிவேட்டுக்குள் கொண்டுவருகிறது. பதிவேட்டின் கோடு இன்னொரு முறை விழப்போகிறது. இந்த முறை எந்தப் பக்கம் யார் நிற்பார்கள்?

மூன்று நிமிடம்

எங்கள் வகுப்பில் பொம்மை ஒன்று. செய்முறை நேரம் வாரத்துக்கு இரண்டு மணி. நாற்பது பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று நிமிடம். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்பது விதி. மூன்று நிமிடத்தில் முந்நூறு அழுத்தத்துக்கு மேல் பழகலாம். ஆனால் பங்கு அப்படி விழவில்லை. ஒருநாள் கைபேசியில் நேரம் பார்த்தேன். பையன்கள் ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் என்று செய்தார்கள். ஸ்ட்ரெச்சர் தூக்குவது, முதுகுத்தண்டுப் பலகையில் ஆளைத் திருப்பி ஏற்றுவது எல்லாம் அவர்கள் கையில். பெண்கள் சுவரோரம் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டு எழுதினார்கள். பையன்களுடைய நோட்டையும் சேர்த்து. “எங்களுக்குக் கையெழுத்து நல்லா இருக்கும்ல மேடம்” என்றார்கள். அந்த நோட்டில் எல்லோரும் எல்லாப் பயிற்சியையும் செய்ததாகப் பதிந்து கையொப்பமும் ஆகியிருந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. மருத்துவச்சியிடம் கை இருந்தது, தாள் இல்லை. இந்தப் பெண்களுக்குத் தாள் கிடைத்துவிடும், கை கிடைக்காது. நாளைக்கு வண்டியில் நோயாளி முன்னால் அவள் தடுமாறும்போது, பெண்களுக்கு இந்த வேலை சரிப்படாது என்பார்கள்.

நான் தமிழாசிரியை. பயிற்சிக்கூடத்தில் எனக்கு அதிகாரம் இல்லை. பயிற்றுநரிடம் தனியாகப் பேசினேன். அவர் கோபப்படவில்லை. “நான் கவனிக்கவே இல்ல மேடம்” என்றார். அடுத்த வாரத்திலிருந்து அகர வரிசைப்படி, ஆளுக்கு மூன்று நிமிடம், கடிகாரத்தை மேசைமேல் வைத்து. அவரவர் நோட்டை அவரவர் எழுத வேண்டும்.

பொம்மையின் மார்புக்கு வழி கண்டவள் அந்தக் கேள்வியைக் கேட்டவள்தான். பழைய சுடிதார்த் துணியில் இரண்டு உறை தைத்துப் பஞ்சடைத்து, ஒரு பட்டையில் சேர்த்துப் பொம்மையின்மேல் கட்டினாள். இன்னொருத்தி வீட்டிலிருந்து ஜாக்கெட்டும் சேலையும் கொண்டுவந்தாள். கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறும் போட்டார்கள். முதலில் வந்த பையன் முட்டிபோட்டான், கையை நீட்டினான், அப்படியே அந்தரத்தில் நிறுத்திவிட்டான். அறையில் சத்தமே இல்லை. மலையடிவாரத்தில் நான் பார்த்த கைகள் அவை. என் கையும்தான்.

பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: “இதுதான்டா நிஜம். இப்பப் பழகு.” பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆள் அசையவில்லை, இயல்பாக மூச்சு இல்லை என்றால் உடனே 108, உடனே அழுத்தம். அழுத்துவதற்காக ரவிக்கையைக் கழற்ற வேண்டியதில்லை. உள்ளங்கையின் அடிப்பகுதி இரு மார்புகளுக்கும் நடுவே, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில். ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம். முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு. அதிர்வுக் கருவியின் பட்டையை ஒட்டும்போது மட்டும் துணியை விலக்கவோ வெட்டவோ வேண்டும். தாலியை ஓரமாகத் தள்ளினால் போதும். இடப்பக்கப் பட்டை மார்பின்மேல் இல்லை, அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம். நிறைமாதக் கர்ப்பிணி என்றால் ஒருவர் அழுத்த, இன்னொருவர் வயிற்றை இரு கையாலும் இடப்பக்கம் தள்ளிப் பிடிக்க வேண்டும். குழந்தையின் எடை பெரிய ரத்தக்குழாயை நசுக்காமல் இருக்க. இது எதுவும் அந்தத் தட்டை நெஞ்சுப் பொம்மை கேட்டிராத பாடம்.

அன்று நாற்பது பேரும் செய்தார்கள். கடைசியில் மீதமிருந்த நேரத்தில் என்னையும் உட்காரச் சொன்னார்கள். இருபது அழுத்தத்துக்குள் மணிக்கட்டு வலித்தது. “முட்டிய மடக்காதீங்க மேடம், தோள்லேர்ந்து வரணும்” என்று அந்த மாணவி என் முழங்கையைப் பிடித்து நேராக்கினாள். நான் எண்ணிக்கொண்டே அழுத்தினேன். முந்தானை விலகிக்கிடந்தது. சரிசெய்யவில்லை.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரியிலோ ஆலையிலோ விடுதியிலோ முதலுதவிப் பயிற்சி நடந்தால், சான்றிதழ் எப்போது தருவார்கள் என்று கேட்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். எனக்கு எத்தனை நிமிடம்? பொம்மைக்கு மார்பு இருக்கிறதா? இல்லையென்றால் பழைய துணியும் பஞ்சும் ஊசியும் போதும். மீதியைத் தைத்துக்கொள்ளலாம்.